மூன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்யம்

எங்கள் ஆஸ்பத்திரியில் சந்தோஷத்தை அளப்பதற்கென்று ஒரு டாக்டர் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கணக்கில் டாக்டர். மனிதர்களின் விருப்பத்தை எண்ணாக எழுதிக்காட்டுவது எப்படி என்று பதினொரு வருஷம் உட்கார்ந்து படித்தவர். கழுத்து அட்டையில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்ததால் வராந்தாவில் அவரைப் பார்த்த நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் எக்ஸ்ரேயை நீட்டினார்கள். முதல் நாளே ஒரு அம்மா மறித்துக்கொண்டு இரண்டு முழங்காலையும் காட்டினாராம். இவரும் குனிந்து பார்த்துவிட்டு, "எது அதிகமா வலிக்குது? எவ்வளவுன்னு வேண்டாம், வரிசை மட்டும் சொன்னா போதும்" என்றாராம். நாங்கள் அவருக்கு எண் டாக்டர் என்று பெயர் வைத்தோம்.

நான் வேலை பார்ப்பது கீழ்த்தளத்தில், கருவிகளைக் கழுவிப் பொட்டலம் கட்டும் பிரிவில். ஆபரேஷன் முடிந்ததும் கத்தரி, இடுக்கி, கத்திப்பிடி எல்லாம் ரத்தமும் சதையுமாகக் கூடையில் இறங்கி வரும். கழுவிக் காயவைத்து, பட்டியலைப் பார்த்து எண்ணி, தட்டில் அடுக்கி, நீலத் துணியில் சுற்றி, டேப் ஒட்டி ஆவி இயந்திரத்துக்குள் தள்ளுவோம். சூடு சரியாக ஏறினால் டேப்பில் கறுப்புக் கோடு விழும். எண்ணிக்கையில் ஒரு இடுக்கி குறைந்தால் மேலே யாரோ ஒருவரின் வயிற்றுக்குள் தேட வேண்டிவரும். அதனால் எண் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொட்டலம் கட்டுவதற்கு ஆறு பேர். காலை இரண்டு, மதியம் இரண்டு, இரவு இரண்டு. யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பது இத்தனை வருஷமாக சூப்பர்வைசரின் நோட்டில் இருந்தது. "அண்ணே, இந்த வாரம் நீங்க வாங்க, அடுத்த வாரம் நான் வரேன்" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம், அவர் நோட்டில் அடித்துத் திருத்துவார். சண்டையும் வரும், கண்ணீரும் வரும், ஆனால் வேலை நடந்தது. இதில் சந்தோஷம் எவ்வளவு உற்பத்தியாகிறது என்று மேலிடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை. எண் டாக்டரை வரவழைத்தார்கள்.

அவர் எங்களைக் கூட்டி உட்காரவைத்து ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுத வேண்டும். அதிகம் பிடித்ததற்குப் பெரிய எண்.

"இந்த எண்ணுக்கு அளவுன்னு எந்த அர்த்தமும் கிடையாது" என்றார். "எது முன்னால, எது பின்னால, அவ்வளவுதான் விஷயம். மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு போட்டாலும் சரி. ஆயிரம், அம்பது, ஏழுன்னு போட்டாலும் சரி. வரிசை மாறலன்னா ரெண்டும் ஒரே விருப்பம்தான்."

ஆவி இயந்திரம் ஓட்டுகிறவர் கையைத் தூக்கினார். "அப்போ ஒரு கோடின்னு போடலாமா சார்?"

"தாராளமா போடுங்க. மூணுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல."

"வித்தியாசம் இல்லன்னா எண்ணு எதுக்கு சார்?"

எண் டாக்டர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அதுதான் இந்தப் பாடத்தோட அழகு" என்றார்.

மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவள் என்ற திமிர் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் சொன்னது எனக்குச் சுத்தமாகப் புரிந்தது. காலைக்கு மூன்று, மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு ஒன்று என்று முத்துமுத்தாக எழுதி மடித்துப் பெட்டியில் போட்டேன். பாடத்தைக் கவனித்ததற்காக ஒருத்தி தண்டனை அனுபவித்தாள் என்றால் அது நான்தான்.

எனக்குக் காலை ஷிஃப்ட் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் துணிக்கடையில் விற்பனையாளர். ஒரு சட்டை வாங்க வந்தவரிடம் மூன்று சட்டை விற்காமல் வாயை மூடமாட்டார். போன வருஷம் பக்கவாதம் வந்து வாய் தானாக மூடிக்கொண்டது. இப்போது அவரிடம் நான்கு வார்த்தைகள் இருக்கின்றன. ஆமா, வா, போதும், அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை. கெட்ட வார்த்தைதான் பளிச்சென்று வருகிறது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இரண்டாவது மாடியில் செவ்வாய், வியாழன் நாலு மணிக்கு அவருக்குப் பேச்சுப் பயிற்சி. வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும், அதை வீட்டில் தினமும் செய்ய வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை வீட்டு ஆள் வரவில்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருப்பவர்கள் நாற்பத்துமூன்று பேர். எங்கள் வீட்டில் வீட்டு ஆள் என்றால் நான் ஒருத்திதான். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. மதிய ஷிஃப்ட் இரண்டு மணிக்கு ஆரம்பிக்கிறது.

இப்போது கண்ணாடி அண்ணன் கதை. எங்கள் ஆறு பேரில் மூத்தவர். கண்ணாடியை எப்போதும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதால் அந்தப் பெயர். அவர் மனைவி விடிவதற்குள் வேலைக்குப் போகிறவள். இரண்டு பிள்ளைகளையும் எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது இவர் பொறுப்பு. அதனால் அவருக்கு மதிய ஷிஃப்ட் வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் லீவுக்கானாலும் சோப்புக்கானாலும் எந்தப் படிவத்திலும் முதல் கட்டம் போன் நம்பருக்குத்தான். மனிதர் வழக்கப்படி முதல் கட்டத்தில் தன் போன் நம்பரை எழுதிவிட்டார். பத்து இலக்கம். மிச்சமிருந்த கட்டங்களில் மதியத்துக்கு மூன்று, இரவுக்கு ஒன்று. படிவத்தை மடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகக் கூடை தள்ளப் போனார்.

சனிக்கிழமை காலை முடிவு வந்தது. கம்ப்யூட்டர் எல்லோருடைய எண்களையும் கூட்டி, கூட்டுத்தொகை எப்படிப் பிரித்தால் அதிகமாக வருமோ அப்படி ஷிஃப்ட்டைப் பிரித்திருந்தது. முன் ஹாலில் பெரிய பலகை வைத்து அதில் ஆஸ்பத்திரியின் மொத்த மகிழ்ச்சியைச் சிவப்பு விளக்கில் ஓடவிட்டார்கள். தொள்ளாயிரத்து நாற்பது கோடியே சொச்சம். மற்றப் பிரிவுகள் எல்லாம் சேர்ந்து அந்தச் சொச்சத்துக்குள் அடங்கியிருந்தன. இயக்குநர் கேக் வெட்டினார். "ஊழியர்கள் இவ்வளவு சந்தோஷமா இருக்கிறது எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்று தழுதழுத்தார். கீழ்த்தளத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். வாங்கப் போன கண்ணாடி அண்ணனுக்கு எதற்குக் கேடயம் என்று தெரியவில்லை, ஆனாலும் சிரித்து வைத்தார்.

கேடயத்தோடு கீழே வந்து பட்டியலைப் படித்தோம். காலைக்குக் கண்ணாடி அண்ணனும் சின்னவளும். மதியத்துக்கு நானும் இன்னொருவரும். சின்னவள் என்பது எங்களில் கடைசியாகச் சேர்ந்தவள், எட்டு மாசம் ஆகிறது. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பத்து மாசக் குழந்தையை ஆஸ்பத்திரிக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். வாயைத் திறக்காதவள்தானே, கமுக்கமாக நூறோ இருநூறோ போட்டிருப்பாள், ஒழுங்காக மூன்று போட்ட நான் இளிச்சவாய் ஆகிவிட்டேன் என்று மனசுக்குள் அவளைக் கிழிகிழியென்று கிழித்தேன்.

கண்ணாடி அண்ணன் என்னைவிட மோசமாக இருந்தார். "எனக்கு எதுக்குக் காலையில போட்டாங்க? பசங்களை யாரு எழுப்புறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்ன எழுதினார் என்று விசாரித்தேன். சொன்னார். தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் பெரிய பிரச்சினை இல்லை. அவருக்கு மதியம் வேண்டும், எனக்குக் காலை வேண்டும். மாற்றிக்கொண்டால் முடிந்தது. இருவரும் மேலே நிர்வாக அதிகாரி அம்மாவிடம் போனோம்.

அந்த அம்மா நல்லவர்தான். உட்காரச் சொன்னார், முழுசாகக் கேட்டார், கம்ப்யூட்டரில் எங்கள் இருவரையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

"முடியாதும்மா. நீங்க ரெண்டு பேரும் மாத்திக்கிட்டா மகிழ்ச்சி தொள்ளாயிரத்து நாப்பது கோடி குறையுது."

"யாரோட மகிழ்ச்சி மேடம்?" என்றேன்.

"ஆஸ்பத்திரியோடது."

"எனக்கு சந்தோஷம்தான் மேடம். அண்ணனைக் கேளுங்க, அவருக்கும் சந்தோஷம்தான்."

"ஆமா மேடம்" என்றார் கண்ணாடி அண்ணன். "மதியம் போட்டீங்கன்னா கையெடுத்துக் கும்பிடுவேன்."

அந்த அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க இப்போ அப்படிச் சொல்றீங்க. ஆனா உங்களுக்குக் காலை ஷிஃப்ட்ல எவ்வளவு சந்தோஷம்னு இங்க இருக்கே. இந்தக் கட்டடத்துலயே உங்க அளவுக்கு யாருக்கும் இல்ல."

"மேடம், அது என் போன் நம்பர்."

"இருக்கலாம். ஆனா எழுதியிருக்கிற கட்டம் சந்தோஷத்தோட கட்டமாச்சே."

"அடிச்சுப் பாருங்க மேடம், என் பையில மணி அடிக்கும்."

அந்த அம்மா உண்மையிலேயே அடித்துப் பார்த்தார். அண்ணன் பையில் மணி அடித்தது. அந்த அம்மா போனை வைத்துவிட்டு, இயக்குநர் இந்த எண்ணை அமைச்சகத்துக்கு அனுப்பிவிட்டார், இனி குறைக்க முடியாது, வேண்டுமானால் எண் டாக்டரைப் பாருங்கள் என்றார். திங்கட்கிழமையிலிருந்து வாசலில் முகத்தைப் பார்த்துத்தான் கதவு திறக்கும், உங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

எண் டாக்டருக்குப் பழைய எக்ஸ்ரே அறையைக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் இல்லை. நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஒருத்தரோட எண்ணை இன்னொருத்தரோட எண்ணோட கூட்டவே கூடாது. அதுக்கு அர்த்தமே கிடையாது. என் அறிக்கையில நாலாவது பக்கத்துல பெரிய எழுத்துல போட்டிருக்கேன்."

"அப்புறம் யார் சார் கூட்டுனது?"

"நான்தான்."

நானும் கண்ணாடி அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அவங்க பலகையில போடுறதுக்கு ஒரே ஒரு எண் கேட்டாங்க" என்றார். "ஆயிரத்து இருநூறு பேரோட வரிசையைக் குடுத்தேன், வேண்டாம்னுட்டாங்க. என் ஒப்பந்தம் வேற இந்த மாசத்தோட முடியுது." அதைச் சொன்னபோது அவரைத் திட்டத் தோன்றவில்லை. அவரும் ஏதோ ஒரு ஷிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரிதான் இருந்தார்.

கண்ணாடி அண்ணன் தன் படிவத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டார். எண் டாக்டர் தலையசைத்தார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் விருப்பத்தை மாற்றலாம். இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்றால் அதற்கு விருப்பம் என்று பேர் இல்லை. "உங்க படிவத்துல காலைதான் முதல்ல இருக்கு. அதைக் கீழ இறக்குனா வரிசை மாறுது. வரிசை மாறுனா விருப்பம் மாறுது. வரிசை மாறாம எண்ணை மட்டும் மாத்துறதுன்னா எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாம். அது திருத்தமே இல்ல, வேற மாதிரி எழுதுறது, அவ்வளவுதான்."

அண்ணன் பெருமூச்சு விட்டு எழுந்தார். நான் எழுந்திருக்கவில்லை. அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் என் காதில் நின்றுவிட்டன.

"சார், என் படிவத்துல மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு இருக்கு. அந்த மூணுக்குப் பின்னால கொஞ்சம் பூஜ்யம் போட்டுக்கலாமா?"

"வரிசை மாறுதா?"

"இல்ல சார். காலைதான் முதல்ல. மதியம் அடுத்தது. இரவு கடைசி. அதே விருப்பம்தான், வேற மாதிரி எழுதுறேன்."

எண் டாக்டர் என்னையே பார்த்தார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. "இத்தனை வருஷமா இதைச் சொல்லிக்கிட்டு இருக்கேன். சரியாப் புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார். என் படிவத்தை அவரே தேடி எடுத்தார். கட்டத்தில் எத்தனை இலக்கத்துக்கு இடம் இருக்கிறது என்று கேட்டேன். பதின்மூன்று என்றார். மூன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்யம் போட்டேன். அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

காலைக்கு இரண்டே இடம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தொள்ளாயிரத்து நாற்பது கோடியை யாரும் அசைக்க முடியாது என்பதும், அப்படியானால் கீழே இறங்கப்போவது யார் என்பதும் தெரியும். நூறு போட்டு என் இடத்தைப் பிடித்தவள்தானே, நான் அவளுடைய வித்தையை அவளைவிட நன்றாகச் செய்தேன், அதில் என்ன பாவம் என்று படியிறங்கும்போதே கணக்கை முடித்துவிட்டேன். குழந்தைக்கு வீட்டில் யாராவது ஆள் இருப்பார்கள், இல்லாமலா வேலைக்கு வருவாள் என்று இன்னொரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வீட்டில் ஆள் இருக்கிறவள் பத்து மாசக் குழந்தையை எதற்குக் காப்பகத்தில் விடுகிறாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் எனக்கே தெரிந்திருக்கும்.

சாயங்காலம் பலகையில் மூன்று லட்சத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கோடி ஓடியது. இலக்கம் கொள்ளாமல் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைத்தார்கள். இயக்குநர் இரண்டாவது கேக் வெட்டினார். பட்டியல் மாறியிருந்தது. காலைக்குக் கண்ணாடி அண்ணனும் நானும். மதியத்துக்குச் சின்னவள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி. என் ஷிஃப்ட் முடிந்து உடைமாற்றும் அறையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி அண்ணன் மத்தியான இடைவேளையிலேயே பள்ளிக்கு ஓடியிருந்தார், அவருடைய இளைய பையனைத் தாமதமாக வந்ததற்கு வெளியே நிறுத்திவிட்டார்களாம். சின்னவள் உள்ளே வந்தாள். தலைக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து முடியை உள்ளே தள்ளினாள். நான் பேசாமல் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவளாகவே பேசினாள். எட்டு மாசத்தில் அவளாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, நீங்க காலைக்கு எத்தனை போட்டீங்க?"

"மூணு" என்றேன். எண் டாக்டரின் பாடப்படி அது பொய் இல்லை. மூன்றும் மூன்று லட்சம் கோடியும் ஒரே விருப்பம்தான்.

"நானும் மூணுதான் போட்டேன்" என்றாள். "சார் பாடம் எடுக்கும்போது நான் நல்லாக் கவனிச்சேன். எண்ணுல ஒண்ணும் இல்ல, வரிசைதான்னாரே. ரெண்டு பேரும் சமமா இருந்தா கம்ப்யூட்டர் குலுக்கல் போடுமாம் அக்கா. போன தடவை எனக்கு விழுந்துச்சு. இந்தத் தடவை உங்களுக்கு விழுந்திருக்கு."

மாட்டிய செருப்பு வாரை அவிழ்த்து மறுபடியும் மாட்டினேன்.

"காப்பகம் ஆறு மணிக்கு மூடிடுறாங்க, எனக்கு ஷிஃப்ட் முடியவே பத்து மணி ஆகுது" என்றாள். "ஆயாம்மாவைக் கெஞ்சிக் கேட்டேன். இந்த வாரம் மட்டும் வாசல்ல உக்காந்து குழந்தையை வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காங்க. அடுத்த வாரத்துக்கு ஏதாவது பண்ணணும். இல்லன்னா வேலையை விட்டுட வேண்டியதுதான். பரவால்ல, யாரை என்ன சொல்ல முடியும்?"

சமமாக இருந்தவளை முந்துவதற்குப் பன்னிரண்டு பூஜ்யம் தேவையே இல்லை. நாலு என்று போட்டிருந்தால் போதும். அவளுக்கும் அப்படித்தான், இரண்டு மாடி ஏறி அந்த ஜன்னல் இல்லாத அறைக்குப் போய் ஒன்பதுக்குப் பின்னால் பூஜ்யத்தை அடுக்கினால் நாளைக்கே காலைக்கு வந்துவிடுவாள். ஒரு நிமிஷப் பேச்சு. சொல்லிக்கொடுப்பதற்கு என் வாய் திறந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். வராந்தாக் கடிகாரத்தில் இரண்டு ஐந்து. மேலே நாலு மணிக்கு அவர் எனக்காகத் தன் நான்கு வார்த்தைகளோடு காத்திருப்பார், அவருக்குப் பின்னால் நாற்பத்துமூன்று பேர். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "குலுக்கல்தானே."